தழும்பு விழாத படம்

அந்தப் படத்தை எடுத்தவன் நான்தான். பழியைப் போனில் போட்டுத் தப்புவதற்கு இன்றைக்கும் மனம் வரவில்லை.

சண்டை முடிந்து விடத்தல்தீவில் நாங்கள் மீளக் குடியேறி ஐந்து வருடம் ஆகியிருந்தது. தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை பிரான்சில் இருந்தார். அவருடைய பெரியம்மா வங்காலையில். பேச்செல்லாம் அவர் மூலம்தான். முதலில் பிள்ளையின் படம் ஒன்று அனுப்பச் சொன்னார்.

தங்கச்சியின் இடக் கன்னத்தில், கண்ணுக்குக் கீழிருந்து தாடைவரை, மிளகுத்தூள் கொட்டியதுபோலக் கறுத்த தழும்புகள். கடைசிச் சண்டையில் ஷெல் விழுந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. இதற்கு முன் பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், முகத்தைக் கண்டதும் தேத்தண்ணியைக்கூடக் குடிக்காமல் எழும்பிப் போயிற்று. அதனால் அம்மா இந்த முறை கண்டிப்பாகச் சொன்னார்.

"மறைக்காமல் எடு தம்பி. அந்தக் கன்னம் வடிவாத் தெரியோணும். அதைப் பாத்திட்டு ஓமெண்டுறவன் வந்தால் போதும்."

நானும் அதற்காகவே மினக்கெட்டேன். போன் வாங்கி ஒரு கிழமைதான். ஆனால் படமெடுப்பதில் என்னை விட்டால் ஆளில்லை என்ற நினைப்பு. வீட்டுக்குள் எடுத்தது இருண்டுபோயிற்று. வாசலுக்குக் கூட்டிவந்து, இடக் கன்னத்தில் வெளிச்சம் விழ நிறுத்தினேன். அது வெயிலில் வெளிறிப்போயிற்று. கமராவின் அமைப்புகளைத் திறந்தேன். ஒளி, நிறம், தெளிவு, அழகு என்று நாலு கோடுகள். ஒவ்வொன்றிலும் விரலால் இழுக்க ஒரு புள்ளி. ஒளியை மட்டும் பார்த்துப் பார்த்துக் குறைத்தேன். மற்ற மூன்றையும் கடைசிவரை இழுத்துவிட்டேன். கூட்டினால் நல்லதுதானே என்பது என்னுடைய விஞ்ஞானம்.

படம் பளிச்சென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கும் நல்ல சந்தோசம். தங்கச்சி போனை வாங்கி நெடுநேரம் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு அண்ணா" என்றாள்.

உடனே அனுப்பிவிட்டேன். இரண்டு நாளில் மாப்பிள்ளைக்குச் சம்மதம் என்று தகவல் வந்தது. அம்மா கோயிலுக்குப் போய் மெழுகுதிரி கொளுத்தினார். தழும்பைப் பார்த்தும் ஓம் என்றவனை, முகம் தெரியாமலே எனக்கும் பிடித்துப்போயிற்று.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து பெரியம்மா வந்தார். தங்கச்சி தேத்தண்ணியோடு போய் நின்றாள். அவர் அவளைப் பார்த்தார். கைப்பைக்குள் இருந்த போனை எடுத்துப் பார்த்தார். திரும்பவும் அவளைப் பார்த்தார்.

"இது ஆற்ற படம்?"

"இவவின்ரதான்" என்றேன்.

"எங்களை ஏமாத்தலாமெண்டு நினைச்சனீங்களோ தம்பி?"

போனை வாங்கிப் பார்த்தேன். கன்னம் வழுவழுவென்று கிடந்தது. பேருக்கு ஒரு புள்ளிகூட இல்லை. நான் கடைசிவரை இழுத்துவிட்ட அந்த 'அழகு' எல்லாவற்றையும் துடைத்துவிட்டிருந்தது. அந்தப் படத்தை நாளுக்குப் பத்துத் தரம் பார்த்தவன் நான். தழும்பு தெரியவேண்டும் என்று சொன்னவர் அம்மா. இரண்டு பேருக்கும் தெரியவில்லை. அவளுடைய கன்னத்தைப் பார்ப்பதை நாங்கள் எப்போதோ விட்டுவிட்டோம். தழும்பு இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன, எங்கள் கண்ணுக்கு அது தங்கச்சி. இப்படியும் குருடாக இருப்போமா என்று எனக்கு உடம்பு கூசியது.

"அந்தோனியாராணை, சத்தியமா நாங்கள் மறைக்கேல்லை" என்று அம்மா கையெடுத்துக் கும்பிட்டார்.

"பெடியன் ஓமெண்டது இந்த முகத்துக்கு" என்று போனைக் காட்டிவிட்டுப் பெரியம்மா எழும்பினார். அந்தச் சம்பந்தம் அத்தோடு முடிந்தது.

அம்மா கதிரையில் இருந்து அழுதார். எனக்கு வந்த ஆத்திரத்தில் என் போனைத் திறந்து, படத்தை அழிக்க விரலை வைத்தேன். தங்கச்சி ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"அழிக்காதேங்கோ அண்ணா."

"உதாலதானே எல்லாம் குழம்பினது!"

"எனக்குத் தெரியும். அண்டைக்கே கண்டனான்."

தெரிந்துகொண்டா அனுப்ப விட்டாள்? அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். அவள் விலகவில்லை.

"எங்கட படமெல்லாம் இருந்த பெட்டியை றோட்டில விட்டிட்டுத்தானே ஓடினனாங்கள். என்ர முந்தின படம் ஒண்டுகூட இல்லை. நான் எப்பிடி இருந்தனான் எண்டு எனக்கே மறந்துபோச்சு. நீங்கள் போனைத் தந்தியள், பாத்தால் அதுக்குள்ள நான் இருக்கிறன். சொன்னால் அழிச்சுப்போட்டு வேற எடுப்பியள் எண்டு பயந்திட்டன்."

ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அம்மா அழுகையை நிறுத்திவிட்டு என்னிடமிருந்து போனை வாங்கினார். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, அந்தக் கன்னத்தை விரலால் மெல்லத் தடவினார். விரல் பட்டதும் படம் விலகி, வெளிச்சம் பார்க்க நான் எடுத்த வெறும் வாசல் படம் வந்தது.

"ஐயோ, எங்க போயிட்டாள்? எடுத்துத் தா தம்பி, எங்க போயிட்டாள்?" என்று அம்மா பதறினார்.

தங்கச்சி பக்கத்தில்தான் நின்றாள்.