பேனருக்குள் அடங்காத படம்

எங்கள் பீங்கான் யூனிட்டில் பியூஸ் கட்டை செய்கிறோம். ஆபீஸில் ஒற்றை ஆள் நான். ஒருமுறை கம்ப்யூட்டரில் கல்யாணப் பத்திரிகை அடித்துக் காட்டிய பாவத்துக்கு, கம்பெனி வெப்சைட்டின் உச்சியில் பேனராகப் போடும் படத்தைத் தயார் செய்யும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது. விழுந்தது என்ன, நானே தலையைக் கொடுத்தேன். "அதெல்லாம் அஞ்சு நிமிஷ வேலைங்க" என்று முதலாளியிடம் சொன்னது இந்த வாய்தான்.

படம் ஏற்கெனவே இருந்தது. ஆயுத பூஜையன்று சூளைக்கு முன்னால் எடுத்தது. ஆண்கள் பின்னால் நிற்க, முதலாளியும் நானும் நாற்காலியில், பெண்கள் முன்னால் தரையில். கிட்டத்தட்ட சதுரமான படம். வெப்சைட் கேட்டதோ வேட்டிக் கரை போல ஒரு நீளப் பட்டை.

முதலில் பக்கவாட்டில் இழுத்தேன். எல்லோருக்கும் ஒரே நொடியில் தொந்தி வந்தது. முதலாளியின் முகம் பூசணிக்காய் ஆனது. அவர் பார்த்தால் என் சீட்டு கிழிந்துவிடும் என்று அவசரமாக அழித்தேன். பிறகு மேலே வெட்டி, கீழே வெட்டி, கடைசியில் நாற்காலி வரிசை மட்டும் மிஞ்சியது. பின்னால் நின்றவர்களுக்குச் சட்டைப் பொத்தான். தரையில் இருந்தவர்களுக்கு உச்சந்தலை. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. என் மீசை அவ்வளவு நன்றாக விழுந்திருந்தது.

படத்தை ஏற்றிய மறுநாள், மண்ணை அச்சில் அழுத்தும் பிரிவில் வேலை செய்யும் அக்கா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார். மங்கலம்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வருபவர். மகன் துபாய் போய் மூன்று வருஷம் ஆகிறது. அம்மா படம் வரப்போகிறது என்று அவனுக்கு லிங்க் அனுப்பச் சொல்லியிருந்தார். நானும் அனுப்பியிருந்தேன்.

"சார், எம் புள்ள போன் பண்ணுனான். இதுல நீ எங்கம்மா இருக்கறன்னு கேக்கறான். என் வகுடு மட்டுந்தான் இருக்குதுங்க. அத வச்சி எப்படிங்க அடையாளம் சொல்றது?"

"உயரத்துக்கு எடம் பத்தலக்கா" என்று இழுத்தேன்.

"சூளையில வெந்தா மண்ணு சுருங்கும்னு தெரிஞ்சுதான அச்சயே பெருசா பண்றோம்? கடைசில எந்த அளவுக்கு வரும்னு பாத்துட்டு ஆளுங்கள நிக்க வைக்கக் கூடாதா சார்?"

பதினெட்டு வருஷமாக அந்தச் சூளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. வெட்டும்போது அவர் முகமும் திரையில்தான் இருந்தது. நான் என் மீசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்று டீ நேரத்திலேயே எல்லோரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தேன். லோடு ஏற்ற வந்த டிரைவர் படம் எடுத்தார். நடுவில் முதலாளி, பக்கத்தில் அக்கா. நான் பெரிய தியாகி மாதிரி கடைசிக்குப் போனேன். அதிலும் இரண்டடி தள்ளியே நின்றேன், தியாகம் பிறர் கண்ணில் படவேண்டும் அல்லவா? ஆபீஸ் கம்ப்யூட்டரில் படம் அளவெடுத்துத் தைத்த சட்டை போல உட்கார்ந்தது. போனில் திறந்தால் இரண்டு ஓரமும் தானாக வெட்டுப்படும் என்பது மட்டும் இந்த நிபுணனுக்குத் தெரியாது.

அடுத்த நாள் அக்கா சிரித்த முகமாக வந்து, மகன் பேசி அனுப்பியதைப் போனில் போட்டுக் காட்டினார்.

"யம்மா, பாத்துட்டேன். நல்லா சிரிச்சிக்கிட்டு நிக்கற. ரூமுல எல்லாருக்கும் காட்டுனேன். ஆமா, ஓரத்துல ஒரு முழங்கை மட்டும் தெரியுதே, அது யாருது?"

அக்கா போனை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே சொல்லிடுங்க சார்."