ரீசார்ஜ் போடாத தெரு

நீடாமங்கலத்திலிருந்து தெற்கே போகிற ரோட்டில், வாய்க்கால் மதகைத் தாண்டியதும் ஒரு தெரு வரும். அந்தத் தெருவில் யார் கேஸ் புக் பண்ணினாலும், யார் ரேஷனில் பருப்பு வாங்கினாலும், யாருக்கு பேங்கில் பணம் ஏறினாலும் ‘டிங்’ என்று சத்தம் கேட்பது ஒரே வீட்டில்தான். அது செல்லதுரையின் வீடு.

தெருவில் முதலில் செல்போன் வாங்கியவர் அவர். அந்தக் காலத்தில் எந்த ஆபீஸில் ‘போன் நம்பர் சொல்லுங்க’ என்று கேட்டாலும் சனங்கள் யோசிக்காமல் அவருடைய நம்பரைச் சொல்லிவிட்டு வந்தார்கள். ஆதார், ரேஷன் கார்டு, பயிர்க் காப்பீடு எல்லாவற்றுக்கும் அதுதான். பிறகு வீட்டுக்கு வீடு போன் வந்தது, நம்பர் மட்டும் மாறவில்லை. மாற்றலாம்தான். கேஸ் ஏஜென்சியில் போய்ச் சொன்னால் பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி அனுப்பிவிட்டு அதைச் சொல்லச் சொல்வார்கள். ஆதாரில் மாற்றப் போனால் விரலை வைக்கச் சொல்வார்கள். நாற்று நட்டும் களை பறித்தும் தேய்ந்துபோன விரலை அந்த மெஷின் விரலாகவே ஒத்துக்கொள்ளாது. நாட்டில் எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டது, விரலைத் தவிர.

செல்லதுரைக்கும் இதில் உள்ளூர ஒரு பெருமை. சாப்பாட்டுத் தட்டிலிருந்து எழுந்து வந்துகூட ஓடிபி படித்துச் சொல்வார். ஏலம் விடுகிறவர்போல ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி, ‘நாலு... நாலா? ஆமா, நாலு...’ என்று அவர் சத்தம் போட, யாருடைய ரகசிய எண் எது என்று தெரு முழுக்கத் தெரிந்துவிடும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

குடைச்சல் கொடுத்தது கம்பெனிதான். அதன் பெயர் இங்கே வேண்டாம், சொன்னால் அதற்கும் தனியாக ஒரு பேக் போடச் சொன்னாலும் சொல்வார்கள். அவர்களுடைய நாட்காட்டியில் மாதத்துக்கு இருபத்தெட்டு நாள். பிப்ரவரியை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் போலிருக்கிறது. செல்லதுரை அதையும் பொறுத்துக்கொண்டார். ஒருநாள் யாரையும் கேட்காமல் அவருடைய போனில் ஒரு பக்திப் பாட்டைக் காலர் ட்யூனாக வைத்தார்கள். மகளுக்குச் செம்மொழி என்று பெயர் வைத்து, ஐயரைக் கூப்பிடாமல் அவள் கல்யாணத்தை நடத்திய மனிதர் அவர். ‘என்ன தோழர், சபரிமலைக்கு மாலை போட்டுட்டீங்களா?’ என்று கட்சிக்காரர்கள் கேட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அதையும் பொறுத்தார். கடைசியில், சேவையை உலகத் தரத்துக்கு உயர்த்துகிறோம் என்று சொல்லி டவரில் என்னவோ செய்தார்கள். அன்றோடு வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த சிக்னல் போய்விட்டது. சேவை உயர்ந்தது உண்மைதான், உயரமான இடத்தில் ஏறி நின்றால் கிடைத்தது. ஓடிபி வந்ததா என்று பார்க்க மதகுக் கட்டைமேல் ஏற வேண்டியிருந்தது.

மதகில் நின்றபடியே கஸ்டமர் கேருக்குப் போன் போட்டார். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியமானது’ என்று சொல்லிவிட்டு, அந்த முக்கியமான அழைப்பை ஒரு பாட்டுக்குக் காவல் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பாட்டு முடிந்து கவிப்ரியா என்கிற பெண் வந்தாள். தேன் ஒழுகப் பேசினாள். போனை அணைத்துவிட்டுத் திரும்பப் போடச் சொன்னாள்.

“அணைச்சுப் போட வேண்டியது உங்க டவரம்மா” என்றார் செல்லதுரை.

“உங்க சிரமம் எனக்குப் புரியுது சார். கம்ப்ளெயின்ட் பதிவு பண்ணிட்டேன். வேற ஏதாவது உதவி வேணுமா சார்?”

“மொத உதவியே இன்னும் வரலியேம்மா.”

“உங்க பொறுமைக்கு நன்றி சார்.”

அவர் மதகிலிருந்து இறங்கி வீட்டுக்கு வருவதற்குள் புகார் வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டுவிட்டதாக மெசேஜ் அனுப்பிவிட்டார்கள். ஆனால் சிக்னல் இல்லாததால், அந்த நல்ல செய்தி மறுநாள்தான் அவருக்குக் கிடைத்தது. அன்றைக்கு வந்த கோபத்தில்தான் தெருமுனையில் இருந்த கட்சிக் கொடிக்கம்பத்தடியில் தெருவைக் கூட்டினார்.

“எங்கப்பா காலத்துல கூலி நெல்ல ஒரு மரக்கால் கூட்டிக் கேட்டாங்க. மிராசுதார் முடியாதுன்னான். அறுப்புக்கு ஒரு ஆள் எறங்கல. கதிருலேருந்து நெல்லு வயல்லயே கொட்ட ஆரம்பிச்சதும் காரியஸ்தரை அனுப்பிப் பேச வந்தானா இல்லியா? நம்ம வேலையிலதான் அவன் பொழப்பு. இப்ப நம்ம ரீசார்ஜுலதான் கம்பெனிக்காரன் பொழப்பு. எவனும் போடாதீங்க. டவர் ஆளு தானா வந்து இந்தக் கொடிக்கம்பத்தடியில நிப்பான்.”

பக்கத்து வீட்டு வளவன் எம்.ஏ. படித்தவன். “சித்தப்பா சொல்றதுதான் சரி. உயிரே போனாலும் ரீசார்ஜ் கிடையாது” என்று முதல் ஆளாகக் கையைத் தூக்கினான். மளமளவென்று எல்லாக் கைகளும் எழுந்தன. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர் வைக்கிற செவ்வந்தியும் கையைத் தூக்கினாள். இடையில் கட்டுப்பாட்டை உடைத்தவனைத் தெரு கருங்காலி என்றே சொல்லும், தலைமுறைக்கும் அந்தப் பெயர் போகாது என்று செல்லதுரை ஞாபகப்படுத்தினார். அந்த ஊரில் அதைவிடக் கெட்ட வார்த்தை கிடையாது.

நாள் நெருங்க நெருங்கக் கம்பெனியிலிருந்து மெசேஜ்கள் வந்தன. ‘உங்கள் பேக் நாளை முடிகிறது’ என்றது ஒன்று. மதகுக் கட்டைமேல் நின்று எல்லோருக்கும் படித்துக் காட்டினார். “பாத்தீங்களா, நடுங்குறான்.” அப்புறம் பதிவு செய்த குரல் ஒன்று அவர் மதகில் ஏறுகிறபோதெல்லாம் கூப்பிட்டது. காரியஸ்தரே லைனில் வந்துவிட்டதாக நினைத்து அந்தக் குரலிடம் நிபந்தனை பேசினார். “மொதல்ல டவர சரி பண்ணச் சொல்லும்மா. மத்ததெல்லாம் அப்புறம் பேசுவோம்.” அந்தக் குரல் அவரை மதித்ததாகத் தெரியவில்லை. ‘உங்களுக்கு மட்டும் சிறப்புச் சலுகை’ என்று ஒரு மெசேஜ் வந்தபோதுதான் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். “ஆளத் தனியா பிரிச்சு ஒடைக்கப் பாக்குறான். எங்கப்பாவுக்கும் இப்படித்தான் ஒரு மூட்ட நெல்லு தர்றேன்னு ஆளனுப்புனான் மிராசுதார்.” அப்பா அந்த மூட்டையைத் திருப்பி அனுப்பியதுபோல மகன் சலுகையை அழித்தார்.

பிறகு பேக் முடிந்து, பேச முடியாமல் போனது. சில நாளில் அழைப்பும் மெசேஜும் வருவது நின்றது. எதிரி யோசிக்க ஆரம்பித்துவிட்டான் என்று செல்லதுரை அர்த்தம் பண்ணிக்கொண்டார். தெருவில் அங்கங்கே மொட்டை மாடிகளில் போன் அடிக்கிற சத்தம் அவர் காதிலும் விழத்தான் செய்தது. கேட்டால் அலாரம் என்றான் வளவன். அந்தத் தெருவில் திடீரென்று எல்லோரும் கண்ட நேரத்தில் அலாரம் வைத்துத் தூங்கப் பழகியிருந்தார்கள். போராட்டம் என்றால் மனிதர்களிடம் ஒரு ஒழுங்கு வரத்தானே செய்யும் என்று அவர் சந்தோஷப்பட்டார்.

தாளடிப் பட்டத்து நெல் அறுப்பு முடிந்தது. செவ்வந்தியின் நெல் கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவியலாகக் கிடந்தது. எடை போட வேண்டுமென்றால் பெயரைப் பதிய வேண்டும், பதிய வேண்டுமென்றால் ஓடிபி வேண்டும். அது செல்லதுரையின் நம்பருக்குத்தான் வரும். பூம்புகார் பக்கம் மழை பிடித்துவிட்டதாகப் பேச்சு. கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. களத்திலிருந்து வேகவேகமாக நடந்து வந்தவள் வாசலில் நின்றாள்.

“அண்ணே, ஓடிபி ஏதாச்சும் வந்துச்சா?”

அவர் போனை எடுத்துப் பார்த்தார். அதில் பார்க்க ஒன்றுமில்லை என்று இருவருக்கும் தெரியும். “வரலியேம்மா” என்றார்.

ரீசார்ஜ் போடுங்கள் என்று அவள் கேட்டிருந்தால் அவருக்கு வசதியாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருக்கலாம். அவள் கேட்கவில்லை. “பரவால்லண்ணே. தார்ப்பாய் ரெண்டு வாங்கிப் போத்திருக்கேன். கட்டுப்பாடுன்னா கட்டுப்பாடுதான். மழைக்கு என்ன தெரியும்” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். நனைந்தால் நெல் குவியலிலேயே முளைத்துவிடும், அப்புறம் கோழிகூடச் சீந்தாது. அவளுடைய ஒரு வருஷத்துச் சோறு அது. செல்லதுரை வாசலில் இறங்கி நின்று வானத்தைப் பார்த்தார். அப்பா காலத்தில் நெல் கொட்டினால் நஷ்டம் மிராசுதாருக்கு. இப்போது யாருக்கு என்று அவரே கேட்டுக்கொண்டார். கம்பெனிக்காரனுக்கு ஒரு மணி நெல்கூடக் கொட்டப்போவதில்லை.

மொபெட்டை எடுத்தார். உள்ளூர்க் கடையில் போட்டால் ஊருக்கே தெரியும். அதனால் நீடாமங்கலத்துக்குப் போய், ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் இருக்கும் ஜாஃபர் சாதிக்கின் செல்போன் கடையில் நுழைந்தார். துண்டால் தலையோடு முக்காடு போட்டிருந்தார்.

“வாங்கண்ணே” என்றார் ஜாஃபர் சாதிக். “ஒங்க தெருவுல நீங்க மட்டும் வரலியேன்னு பாத்தேன். ஒடம்புக்கு முடியலியோன்னு நெனச்சேன்.”

செல்லதுரைக்கு ஒன்றும் புரியவில்லை. “நான் மட்டுமா?”

“ஆமா, மத்தவங்கல்லாம் போட்டாச்சே. வளவன் தம்பி பேக் முடிஞ்ச அன்னைக்குச் சாயங்காலமே வந்துருச்சு. அதென்னண்ணே, ஒங்க ஊர்க்காரங்க எல்லாரும் முக்காடு போட்டுக்கிட்டே வர்றீங்க? அங்க வெயில் அதிகமோ?”

“செவ்வந்தி?”

ஜாஃபர் சாதிக் குரலைத் தாழ்த்தினார். “சென்னையில படிக்கிற பொண்ணுகிட்டப் பேசாம இருக்க முடியலன்னு சொல்லுச்சு. போட்டுட்டு அழுதுகிட்டேதான் போச்சு, பாவம்.”

முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார் செல்லதுரை. யாருக்காக அதைப் போட்டோம் என்று வெட்கமாக இருந்தது. பிறகு ஆத்திரம் கிளம்பியது. இத்தனை பேரும் சேர்ந்து அவரை மதகுக் கட்டைமேல் ஏற்றிவிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். இப்படியே திரும்பிப் போனால் தெருவிலேயே சொன்ன சொல்லைக் காப்பாற்றிய ஒரே ஆள் அவர்தான். கொடிக்கம்பத்தடியில் நின்று ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்கலாம். அதை நினைக்கவே இனித்தது. நெல் நனைந்தால் அது அவள் பாடு.

சந்துக்குள் ஈரக்காற்று வந்தது. கடைக்கு வெளியே தொங்கிய போன் கவர்கள் ஆடின.

“போடுங்க பாய்” என்றார்.

“எந்த பிளான்ணே?”

“அவன் எதப் போடச் சொல்றானோ, அதையே போடுங்க.”

கொள்முதல் நிலையத்தில் வழக்கம்போல் சிக்னல் இல்லை. அடுக்கியிருந்த சாக்குகளின்மேல் ஏறி, போனை வானத்துக்குக் காட்டிக்கொண்டு நின்றார். கம்பெனி முதலில் தன்னுடைய கடமையைச் செய்தது. அவர் திரும்பி வந்ததில் மகிழ்ச்சி என்று ஒரு மெசேஜ், கிரிக்கெட் பார்க்க ஒரு பேக், கடன் வேண்டுமா என்று இரண்டு. அதற்கெல்லாம் பிறகு ஓடிபி வந்தது. ஒவ்வொரு எண்ணாக அவர் கத்த, உள்ளே கம்ப்யூட்டரில் அழுத்தினார்கள். கடைசி மூட்டை கொட்டகைக்குள் போனபோது பெரிய தூறலாக விழ ஆரம்பித்திருந்தது. செவ்வந்தி ஏதோ சொல்ல வந்தாள். “மொதல்ல ரசீத வாங்கு” என்று அவளை அனுப்பிவிட்டார்.

மழை விட்டதும் தெரு கொடிக்கம்பத்தடியில் கூடிவிட்டது. அதற்குள் யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

“சித்தப்பா, போன் வேல செய்யுதாமே” என்றான் வளவன். குரலில் அத்தனை வருத்தம்.

செல்லதுரை ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். யாரும் கண்ணைத் தாழ்த்தவில்லை, செவ்வந்தியைத் தவிர. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு பெயரைச் சொன்னால் போதும், மற்ற பெயர்களும் வரிசையாக வந்துவிடும். அதில் அவள் பெயரும் வரும்.

“ஆமா. நான்தான் ஒடச்சேன். என்னால முடியல” என்றார்.

“நீங்களே இப்படிப் பண்ணலாமா? ஒங்கள நம்பித்தானே இத்தன பேரும் வாயக் கட்டி வயித்தக் கட்டி நின்னோம்?” என்றான் வளவன். ‘அதானே’ என்றது கூட்டம். பின்னால் ஒருவர் கருங்காலி என்ற வார்த்தையைப் பாதி சொல்லி, பெரிய மனது பண்ணி மீதியை விழுங்கினார். கொஞ்ச நேரம் எல்லோரும் அவருக்காக வருத்தப்பட்டார்கள். கடைசியில் வளவனே ஒரு முடிவுக்கு வந்தான். “சரி, வயசான மனுசன். ஏதோ முடியாம பண்ணிட்டாரு. மன்னிச்சு விட்ருவோம். எல்லாருக்கும் சம்மதமா?”

மளமளவென்று கைகள் எழுந்தன. செல்லதுரை கைகூப்பி அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டார்.

செவ்வந்தி மட்டும் கையைத் தூக்கவில்லை. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

“செவ்வந்தியக்காவுக்கு மட்டும் ஒங்கமேல இன்னும் கோவம் தீரல சித்தப்பா” என்றான் வளவன்.

“தீந்துரும், விடு” என்றார் செல்லதுரை.