ஓடுங்க என்று ஒருமுறை கத்தினேன்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தை பிறந்து பத்து நாள் இருக்கும். ஏழாயிரம்பண்ணைக்குப் போகிற வழியில், ரோட்டை விட்டு உள்ளே தள்ளி, கரிசல் காட்டுக்கு நடுவே தனியாக நிற்கும் ஒரு கருங்கல் பொத்தையில் இது நடந்தது. பொத்தை என்றால் எங்கள் பக்கம் சின்ன மலை.

நான் சிவகாசிக்காரி. வாக்கப்பட்டது விருதுநகரில். பாறை ஏறுவது எனக்குப் பைத்தியம். பெங்களூரில் வேலை பார்த்தபோது பிடித்தது, கல்யாணத்துக்குப் பிறகும் விடவில்லை. கீழே நின்று கயிறு பிடிக்க ஆள் வேண்டுமே என்று கணவரையும் பழக்கிவிட்டேன். வீட்டில் நான் சொல்வது எதுவும் அவர் காதில் ஏறாது. பாறையில் மட்டும் ஒழுங்காகக் கேட்பார்.

நாங்கள் ஏறுவது பழைய முறை. பாறையில் துளை போட மாட்டோம், ஆணி அடிக்க மாட்டோம். விரிசலில் சின்னச் சின்ன உலோகக் கட்டைகளைச் செருகி, அதில் கயிற்றை மாட்டி ஏறுவோம். இறங்கும்போது எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வந்துவிடுவோம். ஆள் ஏறிய தடமே இருக்காது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு, ஒளிப்பானேன்?

அந்தப் பொத்தையில் அடியிலிருந்து உச்சி வரை நேராக ஒரு விரிசல். பார்த்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. ஆனால் அது ஒரு விவசாயக் குடும்பத்தின் நிலத்தில் இருக்கிறது. முன்பு யாரோ வந்து பாறையில் பெயின்ட் அடித்துவிட்டுப் போனதால், வெளியாட்களை அவர்கள் விடுவதில்லை. மூன்று தடவை அவர்கள் வீட்டுக்கு நடந்தேன். மக்காச்சோளத்தை மிதிக்கக் கூடாது, உச்சியில் உள்ள விளக்கு மாடத்துக்குப் பக்கத்தில் செருப்போடு போகக் கூடாது என்று சொல்லி, கடைசியில் சம்மதித்தார்கள். ஊரையே எழுதி வாங்கிய மாதிரி இருந்தது எனக்கு.

விரிசல் இருந்த பக்கம், வேலிக்கு அப்பால் ஒரு பட்டாசு ஆபீஸ். ஆலையை ஆபீஸ் என்றுதான் இங்கே சொல்வோம். தள்ளித் தள்ளிச் சின்ன அறைகள், சுற்றிலும் வேப்ப மரங்கள். எங்கள் அப்பாவுக்கு அச்சகம். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள் அடித்த காசில்தான் நான் படித்தேன். ஆனால் ஒரு பட்டாசு ஆபீஸுக்குள் ஒருநாள்கூடக் கால் வைத்ததில்லை. அது தெரிந்த இடம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. எனக்கு லீவு, அவர்களுக்கு வேலை நாள். அறுபது அடி ஏறியிருப்பேன். கை வைத்த இடத்தில், தேங்காய் அளவுக்கு ஒரு கல் கழன்று கீழே போனது. கல் விழுந்தால் தொண்டை கிழியக் கத்த வேண்டும் என்பது எங்கள் விதி. விதியைத் தவறாமல் கடைப்பிடிப்பவள் அல்லவா நான்! கணவரைப் பார்த்து, "கல்லு! ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தினேன்.

அவர் நகர்ந்துவிட்டார். கல் பாறையில் தெறித்து, வேலியில் கட்டியிருந்த தகரப் பலகையில் 'டமார்' என்று விழுந்தது.

அடுத்த நிமிடம் நான் பார்த்ததை எப்படிச் சொல்ல? எல்லா அறைகளிலிருந்தும் பெண்கள் வெறுங்காலோடு ஓடி வந்தார்கள். ஒருவர்கூட என்ன ஏது என்று கேட்கவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்க்காமல் காட்டுக்குள் ஓடினார்கள். ஒரு பெண் மட்டும் பாதியில் நின்று, தங்கச்சியின் பெயரைச் சொல்லி அலறிக்கொண்டிருந்தார். அந்தத் தங்கச்சி 'அக்கா, அக்கா' என்று கத்தியபடி வேறு பக்கமாக ஓடியது மேலே இருந்த எனக்குத் தெரிந்தது. "வெளியே வந்துட்டாங்க!" என்று சொல்ல வாயைத் திறந்தேன். மறுபடி கத்தினால் இன்னும் என்ன ஆகுமோ என்று மூடிக்கொண்டேன்.

கணவர் என்னைக் கயிற்றில் இறக்கினார். வேலியைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினோம். அங்கே போர்மேனாக, அதாவது வேலையை மேற்பார்க்கிறவராக இருந்தவர், என் வயதுப் பெண்தான். எல்லாரையும் வேப்ப மரத்தடியில் நிறுத்தித் தலை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை சரியாக இருந்தது. அக்காவும் தங்கச்சியும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

நான் முந்திக்கொண்டு, "நிலத்துக்காரங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் ஏறினோம்" என்றேன். மன்னிப்புக்கு முன்னால் வாயில் வந்தது அதுதான். இன்றும் நினைத்தால் கூசுகிறது.

அவர் கோபப்படவில்லை. "நெலத்துக்காரவுகளக் கேட்டீக. அடியில நாப்பது பேரு மருந்துல கைய வச்சு உக்காந்திருக்கோமே, எங்களக் கேட்டீகளாக்கா?" என்றார்.

அதற்குள் ஒரு பெண் வந்து, ஓடிய வேகத்தில் வெடிமருந்துத் தட்டைத் தட்டிவிட்டதாகச் சொன்னார். கலந்த மருந்து தரையில் சிந்திக் கிடந்தது. லேசாக உரசினாலே தீப்பிடிக்கும்; அதை அப்படியே விட முடியாது, யாராவது போய் அள்ள வேண்டும். அதற்கு ஒரு ஆள்தான் உள்ளே போவது அங்கே வழக்கம். போர்மேன் கையிலிருந்த வளையலைக் கழற்றிப் பக்கத்தில் நின்றவரிடம் கொடுத்துவிட்டுப் போனார்.

கால் மணி நேரம் இருக்கும். நாற்பது பேரும் அந்த அறை வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இடுப்பில் தொங்கிய இரும்புச் சாமான் குலுங்கிவிடாமல் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி நான் நின்றேன். எவ்வளவோ உயரத்தில் தொங்கியிருக்கிறேன், அப்படிப் பயந்ததில்லை. ஏதாவது ஆகியிருந்தால் நான்தான் காரணம்.

அவர் வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார். "அம்புட்டுத்தான். தண்ணி குடிச்சிட்டு வேலையப் பாருங்க" என்றார். நான் அழுதுவிட்டேன். "அழுவாதீக. ஞாயித்துக்கெழம வந்து ஏறுங்க, அன்னைக்கு இங்கன ஆளிருக்காது. வாட்ச்மேன்ட்ட மட்டும் சொல்லிட்டு ஏறுங்க" என்று எனக்கும் ஒரு சொம்பு தண்ணீர் கொடுத்தார்.

அன்றிலிருந்து நானும் கணவரும் பாறையில் பேசுவதில்லை. கயிற்றை ஒருமுறை இழுத்தால் தளர்த்து, இரண்டு முறை இழுத்தால் இறுக்கு, மூன்று முறை இழுத்தால் உச்சிக்கு வந்துவிட்டேன் என்று அர்த்தம். ஏறுமுன் வேறு பக்கமாக உச்சிக்குப் போய், தளர்ந்த கல் இருக்கிறதா என்று கயிற்றில் இறங்கிப் பார்த்துவிடுகிறேன். அந்த விரிசலை ஐந்தாவது ஞாயிற்றுக்கிழமையில் முழுசாக ஏறி முடித்தேன். ஏறுவேன் என்று எனக்குத் தெரியும்.

அன்று அந்தப் போர்மேனும் வேடிக்கை பார்க்க வந்திருந்தார். உச்சியைத் தொட்டதும் வழக்கம்போலக் கயிற்றை மூன்று முறை இழுத்தேன். கீழேயிருந்து அவர் குரல் வந்தது: "இன்னைக்கு லீவுதானக்கா! சும்மா கத்துங்க!"

வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை, கையை மட்டும் ஆட்டினேன். இப்போதும் எந்த உச்சியில் நின்றாலும், கீழே யார் என்ன வேலையாக இருக்கிறார்கள் என்றுதான் என் கண் முதலில் தேடுகிறது.