தம்பிக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் உபதேசியார் மண்ணுக்குள் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. அவர் மேல் எனக்குள்ள கோபம் இன்னும் ஆறவில்லை. பாலக்கரையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கெல்லாம் ஞானோபதேசம் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். கடவுள் அன்பானவர் என்பதை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவார். நரகம் வந்ததும் நிதானமாகி, கூடவே இருந்து பார்த்தவர் போல அதன் நெருப்பை வர்ணிப்பார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது தம்பி பிறந்தான். பிறந்தான் என்பதோடு சரி. இரண்டு மூச்சு இழுத்தான், அடங்கிவிட்டான். பழந்துணிகளோடு வாசற்படியில் நின்ற நான் எல்லாவற்றையும் பார்த்தேன். அம்மாவுக்கு நினைவே இல்லை. அவள் கண் விழித்தபோது, மருத்துவம் பார்க்க வந்த அடுத்த தெரு ராவுத்தர் வீட்டு அம்மாள் அவனைத் துணியில் சுற்றி முடித்திருந்தாள்.

உபதேசியார் வந்தார். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்கு மந்திரித்த கல்லறை மண்ணில் இடமில்லை, மதிலுக்கு வெளியே முட்புதர் ஓரமாகத்தான் புதைக்க வேண்டும், மோட்சமும் கிடையாது என்றார். ரேஷன் கடைக்காரர் சர்க்கரை இல்லை என்று சொல்வதைப் போலச் சொன்னார். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டும் அப்பா, அவர் முன்னால் தலையை ஆட்டிக்கொண்டு நின்றார். தேவபயம் உள்ளவராம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தம்பியை வெளியே போடக் கூடாது என்று கத்தினேன். அப்பா என் முதுகில் ஒன்று வைத்தார்.

அப்போதுதான் உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"நான் தண்ணி ஊத்திட்டேன். சொல்ல வேண்டியதையும் சொல்லிட்டேன்."

சாகும் ஆபத்தில் யாரும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர். மறுக்க முடியாமல், சாட்சி யார் என்று கேட்டார். ராவுத்தர் வீட்டு அம்மாள் கையைக் கழுவிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல் பதில் சொன்னாள்.

"செம்பை எடுத்துக் குடுத்ததே நான்தாங்க."

தம்பி மதிலுக்கு உள்ளேயே போனான்.

அதற்குப் பிறகு அம்மா ஒரு ஞாயிறு பூசையும் தவறவிட்டதில்லை. ஆனால் பங்குச் சாமியார் கையால் நன்மை அப்பம் வாங்க மட்டும் எழுந்திருக்க மாட்டாள்; பாவத்தைச் சொல்லி மன்னிப்புப் பெறாதவர்கள் அதை வாங்கக் கூடாது. அடுத்த வருஷம் எனக்குப் புதுநன்மை, முதன்முதலாக அந்த அப்பம் வாங்கும் நாள். மற்றப் பிள்ளைகளின் அம்மாக்கள் எல்லாரும் பிள்ளைக்குப் பக்கத்தில் வந்து முழந்தாளிட்டார்கள். என் அம்மா தூணோரமாக உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கோயிலே திரும்பிப் பார்த்தது. எனக்கு மானம் போயிற்று.

வீட்டுக்கு வந்ததும் முக்காட்டைக் கழற்றி எறிந்தேன். தண்ணீர் ஊற்றியதாகச் சொன்ன பொய்யைப் பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, அவர் அதை வெளியே சொல்ல மாட்டார், தம்பியை யாரும் தோண்டி எடுக்கப் போவதில்லை என்று கத்தினேன். அம்மா என் கவுனில் ஒட்டியிருந்த மெழுகைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"சொன்னா மட்டும் போதாதுடி. செஞ்சதுக்கு மனசு வருந்தணும். எனக்கு வருத்தம் வரலையே."

வராவிட்டால் என்ன, வந்தது மாதிரி இரண்டு சொட்டுக் கண்ணீர் விட்டால் சாமியாருக்குத் தெரியவா போகிறது என்று கேட்டேன்.

"சாமியாருக்குத் தெரியாது" என்றாள் அம்மா.

இப்படியும் ஒரு அழுத்தமா என்று எனக்கு ஆத்திரம் பொங்கியது. அந்த வாரம் முழுக்க அவளோடு பேசவில்லை. உபதேசியாரிடம் கூசாமல் பொய் சொன்னவளுக்கு, கடவுளுக்கு முன்னால் பொய்யாக அழ மனம் வரவில்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை.