பதினேழு மில்லிமீட்டர்

எங்கள் முதலாளியின் மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் தெரியும் என்பது அந்தப் பட்டுக்கடையில் யாரும் கேள்வி கேட்கக்கூடாத விஷயம். சென்னையில் பெரிய கம்பெனியில் வேலை. அங்கே என்ன செய்கிறார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. மாமனார் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எங்கள் டிசைன் அறைக்கு வந்து, உட்காராமல் நின்றபடியே, "இதெல்லாம் ரொம்பப் பழசு மேடம்" என்பார்.

அந்தப் பழசில்தான் பன்னிரண்டு வருஷமாகப் புடவைகளுக்கு பார்டரும் முந்தானையும் வரைகிறேன். நான் வரைந்ததை அட்டையில் துளை போட்டுத் தறிக்கு அனுப்புவார்கள். ஒரு கட்டம் தப்பினால் அன்னத்துக்குக் கழுத்து ஒடியும். அதனால் அளவு விஷயத்தில் எனக்கு யாரிடமும் பொறுமை கிடையாது.

போன ஆடியில் அவர் ஒரு இரும்பு ரேக்கோடு வந்தார். ஜரிகைக் கட்டுகள் வைத்திருந்த உள்ளறையைக் காலி செய்யச் சொல்லி அதற்கு 'சர்வர் ரூம்' என்று பெயர் வைத்தார். ரேக்கில் படுக்கவைக்கும் கேபினெட், புது மதர்போர்டு, ப்ராசஸர், அதன் சூட்டைத் தணிக்க அதன்மேல் உட்காரும் கூலர் என்று எல்லாம் வந்தது. கூலர் கோயில் கோபுரம் மாதிரி இருந்தது. என் பழைய கம்ப்யூட்டரை அவர் காலையிலேயே பிரித்துப் போட்டுவிட்டார்.

கூலர் டப்பாவில் உயரம் நூற்று அறுபத்தைந்து மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. கேபினெட் நூற்று எழுபத்தெட்டு.

"பதிமூணு மில்லி மிச்சம்" என்றார், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய முகத்தோடு.

அது வெளி அளவு. அடித்தகடு, போர்டைத் தூக்கிப் பிடிக்கும் திருகுக்கால், போர்டு, ப்ராசஸர் எல்லாம் அதற்குள்ளேதான் உட்கார வேண்டும். இதைப் புரிந்துகொள்ள எந்தக் கம்பெனியிலும் வேலை பார்க்க வேண்டாம். போர்டு ஏற்கெனவே பொருத்தியிருந்தது. என் ஸ்டீல் ஸ்கேலை ப்ராசஸர் மேல் நிறுத்தி, மூடி வந்து உட்காரும் விளிம்புவரை அளந்தேன். நூற்று நாற்பத்தெட்டு.

"சார், பதினேழு மில்லி இடிக்குது."

அவர் ஸ்கேலைப் பார்த்துச் சிரித்தார். "துணி அளக்குற மாதிரி இதை அளக்க முடியாது மேடம். இதுக்கெல்லாம் ஸ்டாண்டர்ட் இருக்குது."

முதலாளி வாசலில் நின்றிருந்தார். நாற்பது வருஷம் பட்டு வியாபாரம், ஒரு இழை குறைந்தாலும் விரலால் தடவிக் கண்டுபிடிக்கிறவர். அவர் சொன்னது: "மாப்பிள்ளை பார்த்துக்குவாரும்மா. நீ ஏன் நடுவுல பேசிக்கினு?"

சரி என்று ஸ்கேலை மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்தேன்.

கூலரைப் பொருத்தி மூடியை வைத்தார். மூடி அதன் தலைமேல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றது. பொருந்தாது என்பதில் யாருக்கும் சந்தேகம் வர வழியில்லை. ஆனால் அவர், "தகடுதானே, கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும். மாமா, அந்தப் பக்கம் அழுத்துங்க" என்றார். இரண்டு பெரிய மனிதர்களும் சூட்கேஸ் மூடுவதுபோல ஆளுக்கொரு பக்கம் அழுத்தினார்கள். நிறுத்துங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அந்த ஆள் அசிங்கப்படுவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

உள்ளே 'டக்' என்றது.

அதற்குப் பிறகு அந்தக் கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை. ப்ளக்கை மாற்றினார், ஒயரைப் பிடுங்கிச் செருகினார், கடைசியில் மூடியைத் தூக்கிப் பார்த்தபோது போர்டு நடுவில் வளைந்திருந்தது. "கேபினெட் மட்டமான சரக்கு மாமா" என்றார். மாமா தலையாட்டினார். மாப்பிள்ளை மதியம் வாழையிலையில் இரண்டு தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு காரில் ஏறிப்போனார்.

டிசைன்களை நான் முன்பே பென்டிரைவில் ஏற்றி வைத்திருந்தேன். ஆனால் அதைத் திறக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டுமே. வேறு போர்டு வர நான்கு நாள் ஆனது. மூன்றாம் நாள் பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு நெசவாளி வந்தார். முந்தானை அட்டை வராமல் அவர் தறி நின்றிருந்தது.

"இன்னிக்காவது கிடைக்குமாம்மா? வீட்டுல ரெண்டு பேரும் சும்மா குந்திக்கினு இருக்கோம்."

மாப்பிள்ளையின் முட்டாள்தனத்தை அவரிடம் விலாவாரியாகச் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர்கள் அழுத்தும்போது நானும் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தவள்தானே? "நாளைக்கு நானே கொண்டாந்து தர்றேண்ணே" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் போர்டு வந்தது. கம்ப்யூட்டர் கடைக்குப் போன் செய்து உள்ளங்கை உயரத்தில் ஒரு குட்டைக் கூலரும் சேர்த்து நானே வரவழைத்திருந்தேன். மூடி ஒரு விரலால் தள்ளியதும் மூடிக்கொண்டது. சாயங்காலம் அட்டையை அந்த நெசவாளி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அடுத்த மாதம் மாப்பிள்ளை இரண்டு நண்பர்களோடு வந்தார். ரேக்கைத் தட்டிக் காட்டி, "நம்ம செட்டப்தான். ரேக்குக்குக் குட்டைக் கூலர்தான் கரெக்ட், உயரமானது போட்டா வேலைக்கு ஆகாது" என்று அவர்களுக்கு விளக்கினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இல்லீங்களா மேடம்?" என்றார்.

"ஆமாங்க சார்" என்றேன். திரையில் ஒரு யாளிக்குப் பல் வரைந்துகொண்டிருந்தேன், தலையைத் தூக்கவில்லை.