வாவி கடக்கும் நாளில் அவள் தண்ணீர் குடிப்பதில்லை

என் அக்கா சின்னத்தங்கத்தின் பிடிவாதம் கொஞ்சநஞ்சமல்ல. கொக்கட்டிச்சோலைப் படுகொலையில் புருஷனைப் பறிகொடுத்த பிறகு, மரக்கறி மூட்டையோடு தோணியில் வாவியைக் கடந்து, எழுவான்கரைச் சந்தையில் விற்று, இரண்டு பெண்களைக் கரைசேர்த்தவள். அவளுடைய வாய்க்குப் பயந்து பேரம் பேசவே ஆட்கள் யோசிப்பார்கள். அப்படிப்பட்டவள் ஒரேயொரு விஷயத்துக்கு நடுங்கினாள்.

அந்த ஆண்டுகளில் எங்கள் படுவான்கரை இயக்கத்தின் கையில் இருந்தது. எதிர்க்கரையான எழுவான்கரை ஆமியின் கையில். தோணியால் இறங்கியதும் சோதனைச் சாவடி. வெயிலில் காலையில் நின்றால் மத்தியானமும் ஆகிவிடும். பெண்கள் சிறுநீர் கழிக்க ஒதுங்க ஓர் இடமில்லை. பற்றைக்குள் மிதிவெடி, வெளியே துவக்கோடு ஆமிக்காரர். அதனால் நாங்கள் பெண்கள் எல்லோரும் ஒரு வழி வைத்திருந்தோம்: கடக்கிற நாளில் தண்ணீரைத் தொடமாட்டோம். முதல்நாள் பின்னேரத்தோடு நிறுத்திவிடுவோம். யாரும் சொல்லித்தரவில்லை, எல்லோரும் செய்தோம். அக்கா எங்களைவிடக் கண்டிப்பு.

அவளுக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. அதோடு விலாவில் குத்தும் வந்தது. சிறுநீரகத்தில் கல்லா என்று பார்க்க, நரம்பில் மருந்து ஏற்றி எக்ஸ்ரே எடுக்கவேண்டும் என்றார் எதிர்க்கரை ஆஸ்பத்திரி டொக்டர். எங்கள் இருவரையும் இருத்திவைத்துப் பொறுமையாகத்தான் விளங்கப்படுத்தினார்.

“அம்மா, சீனி இருக்கிற ஆள் நீங்க. வறண்ட உடம்பில இந்த மருந்து போனா சிறுநீரகம் பழுதாயிரும். முதல்நாளும் அண்டைக்கும் நல்லாத் தண்ணி குடிச்சிட்டு வாங்க. எடுத்த பிறகும் குடிக்கவேணும்.”

“ஓம் டொக்டர்” என்று தலையாட்டினாள் மகராசி.

எக்ஸ்ரேக்குப் போன அன்று சாவடி வரிசையில் தண்ணீர்ப் போத்தலை நீட்டினேன்.

“மறுகா குடிக்கிறன் புள்ள. ஆமிக்காரனுக்கு முன்னால என்னக் குந்தச் சொல்றியா?”

அதற்குள் என் அடையாள அட்டையில் ஏதோ பிழையென்று என்னை மறித்துவிட்டார்கள். அக்கா தனியாகப் போனாள். பின்னேரம் திரும்பியபோதும் உதடு வெடித்திருந்தது. தோணியில் வைத்துத்தான் உண்மையைச் சொன்னாள்.

“தண்ணி குடிச்சயளா எண்டு டொக்டர் கேட்டாரு. வயிறு முட்டக் குடிச்ச எண்டன். இல்லயெண்டா இன்னொரு நாள் வரச் சொல்லுவாரு. இந்த வரிசையில இன்னொருக்கா ஆர் நிக்கிற?”

எனக்கு அவளை அறையவேண்டும்போல் இருந்தது. திரும்பிப் போகவும் முடியாது, பின்னேரத்தோடு சாவடியை மூடிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து குடித்தாள். குடித்ததெல்லாம் முகத்திலும் காலிலும் வீக்கமாக நின்றது. சிறுநீர் குறைந்து குறைந்து, சொட்டும் இல்லாமல் போனது. ஷெல்லடியால் துறையில் தோணியும் விடவில்லை. நான் கும்பிடாத தெய்வமில்லை, திட்டாத தெய்வமும் இல்லை. ஒருவழியாகத் தோணி விட்ட அன்று அவளைத் தாங்கிக்கொண்டு கடந்தேன். எதிர்க்கரையில் அதே வரிசை.

அவளால் நிற்க முடியவில்லை. மூச்சு இழுத்தது. என் கையைப் பிடித்தாள்.

“புள்ள, எனக்கு மூத்திரம் முட்டுறாப்போல இருக்கு.”

முன்னால் நின்ற அன்னப்பூரணி என்ற பெண்ணுக்கு அது கேட்டுவிட்டது. ஒன்றும் விசாரிக்காமல் தன் முந்தானையை அவிழ்த்து விரித்தாள். பக்கத்தில் நின்ற பெண்களும் விரித்தார்கள். அக்காவைச் சுற்றிச் சேலை மறைப்பு எழும்பியது. ஆமிக்காரன் ஒருவன் சத்தம் போட்டுக்கொண்டு வந்தான்.

“அங்கால பாருங்க ஐயா! உங்களுக்குத் தாய் இல்லயா?” என்று அன்னப்பூரணி கத்தினாள். மொழி விளங்கியதோ என்னவோ, அவன் நின்றுவிட்டான்.

“அவன் பாத்தாப் பாக்கட்டும் புள்ள, வந்தாப் போதும்” என்று சொல்லிக்கொண்டே அக்கா குந்தினாள். என் அக்காவின் வாயிலிருந்தா இப்படியொரு சொல்! நான் அவள் தோளைத் தாங்கிக்கொண்டு நிலத்தையே பார்த்திருந்தேன்.

மணல் காய்ந்தே கிடந்தது.

“வருகுதில்ல புள்ள” என்று அக்கா விம்மினாள். சேலை பிடித்திருந்த பெண்கள் ஒருவரும் கையை இறக்கவில்லை.