சென்னிமலையில் பாதிப் படி: வீங்கிய கால்களோடு ஒரு பயணம்

போனவர்கள் மூன்று பேர். நான், எங்கள் வீட்டுக்காரர், அவருடைய அக்கா சரஸ்வதி. அவரை நான் நங்கையா என்று கூப்பிடுவேன். வேறு யாரும் வரவில்லை. பீளமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம்.

என் மகளுக்கு நல்லபடியாகப் பிரசவம் ஆனால் சென்னிமலைக்குப் படியேறி வருகிறேன் என்று முருகனிடம் வேண்டியிருந்தேன். பேரன் பிறந்து எட்டு மாதம் ஆகிவிட்டது. தள்ளிப்போனதற்குக் காரணம் என் கால். சாயங்காலம் ஆனால் இரண்டு கணுக்காலும் பன் மாதிரி உப்பிவிடும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், அது மேலெழும்ப நேரமாகும். மலைக்குத்தான் பஸ் போகிறதே, அதில் போய்வா என்று எல்லாரும் சொன்னார்கள். நான் வேண்டிக்கொண்டது பஸ்ஸில் வருவதாக இல்லை.

அதனால் முதலில் டாக்டரிடம் போனேன். ரத்தம், சிறுநீர், இதயம் எல்லாம் பார்த்தார். பெரிய கோளாறு இல்லை. நான் சாப்பிட்ட பிரஷர் மாத்திரையில் ஒன்று சிலருக்குக் காலை வீங்க வைக்குமாம். அதை மாற்றிக் கொடுத்தார். (நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், கேட்டு மாற்றுங்கள்.) ஊறுகாய், அப்பளம், மோர்மிளகாயைக் குறைக்கச் சொன்னார். காலையில் எழுந்ததும் மாட்டிக்கொள்ள இறுக்கமான காலுறை எழுதிக் கொடுத்தார். "ஏறலாமுங்களா?" என்று கேட்டேன். "நடந்தா நல்லதுதானுங்க. உக்காந்து உக்காந்து ஏறுங்க" என்றார். வாசல் வரை போனவளைக் கூப்பிட்டு இன்னொன்றும் சொன்னார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

காந்திபுரத்தில் காலை 6.10க்கு ஈரோடு பஸ். பெருந்துறைக்கு மூன்று டிக்கெட் 225 ரூபாய். சன்னல் சீட்டைவிடக் காலை நீட்ட இடமுள்ள சீட்டு முக்கியம். நான் உட்கார்ந்தபடியே பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டு வந்தேன். நங்கையா ஆட்டவில்லை. தண்ணீரும் குடிக்கவில்லை. முந்தின நாள்தான் அவர் சென்னையிலிருந்து ராத்திரி பஸ்ஸில், சீட்டை விட்டு எழாமல் உட்கார்ந்தே வந்திருந்தார்.

"தண்ணி குடிச்சா வழியில எறங்கோணும் அம்மணி. பஸ்ஸு நமக்காக நிக்குமா?" என்றார். நம் ஊர்ப் பெண்கள் எல்லாரும் இப்படித்தான். நானும் போன வருஷம் வரை இப்படித்தான்.

பெருந்துறையிலிருந்து டவுன் பஸ். எனக்கும் நங்கையாவுக்கும் இலவசம், வீட்டுக்காரருக்கு 12 ரூபாய். அடிவாரம் சேர்ந்தபோது மணி ஒன்பது. செருப்பைக் கழற்றும்போதுதான் நங்கையாவின் இடது காலைப் பார்த்தேன். மூட்டுவலிக்காக யாரோ மந்திரித்துக் கட்டிவிட்ட கறுப்புக் கயிறு, கணுக்காலின் சதைக்குள் புதைந்து கிடந்தது.

"கயிறு இறுக்கிருச்சு. அதான் ரெண்டு நாளா வீக்கம்" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. பூக்காரம்மாவிடம் கத்தரி வாங்கி, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டுவிட்டு, கயிறை வெட்டினோம். அவர் கயிறைக் கண்ணில் ஒற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். "அப்பாடா, லேசாயிருச்சு. நட" என்றார்.

மொத்தம் 1320 படி என்கிறார்கள். நான் எண்ணவில்லை, வாய் கந்தர் நாமத்தில் இருந்தது. காலுறையோடு ஏறுவது சரியா என்று கொஞ்சம் உறுத்தியது. மருந்தை முருகன் செருப்பு என்று சொல்லமாட்டார் என்று ஏறினேன். வழியில் மண்டபங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் படுத்து, பையின் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வெட்கப்பட்டால் ஏற முடியாது.

ஏறக்குறையப் பாதியில், மோர் விற்கிற மண்டபத்தில், நங்கையாவால் மேலே வர முடியவில்லை. தூணைப் பிடித்து உட்கார்ந்துவிட்டார்.

"தம்பி, பையில தேங்காயெண்ணெய் இருக்குதல்ல? சித்த நீவி உடு. கெண்டைக்கால் பிடிச்சுக்கிச்சு."

எங்கள் சொந்தத்தில் யாருக்குச் சுளுக்கு என்றாலும் என் வீட்டுக்காரர் கைதான். அவர் எண்ணெயை ஊற்றிக்கொண்டு அக்காவின் காலை மடியில் எடுத்து வைத்தார். பக்கத்தில் என் கால்கள். நான்கு கால்களும் ஒரே வரிசையில் இருந்தன. என்னுடையவை இரண்டும் ஒரே அளவு. நங்கையாவின் வலது கால் சாதாரணமாக இருந்தது. இடது கால் மட்டும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கனத்து, பளபளவென்று இருந்தது. தொட்டேன், சுட்டது. கயிறு போய் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியும் ஒன்றும் வடியவில்லை. கயிறு கட்டியது கணுக்காலில். கெண்டைக்கால் ஏன் வீங்க வேண்டும்?

டாக்டர் கூப்பிட்டுச் சொன்னது இதுதான்: "ரெண்டு காலும் வீங்குனா நிதானமா வாங்க. ஒத்தக் கால் மட்டும் திடீர்னு வீங்கி, சதை நொந்து, சூடா இருந்தா அன்னைக்கே காட்டோணும். அழுத்தி நீவக்கூடாது. மூச்சு முட்டுனா 108க்குக் கூப்புடுங்க."

நான் வீட்டுக்காரர் கையைப் பிடித்துவிட்டேன். "ஏனுங்க, கைய எடுங்க!"

"சுளுக்குடி. எனக்குத் தெரியாதா?"

"சுளுக்கு சுடாதுங்க. உள்ள ரத்தம் கட்டியிருந்தா, நீங்க நீவுனா நெஞ்சுக்கு ஏறிரும். எறங்கலாம்."

நங்கையாவுக்குக் கோபம் வந்தது. "என்னால உன்ற வேண்டுதல் பாதியில நிக்கோணுமா? நீ போய்ட்டு வா. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்."

மேலே பார்த்தேன். படி வளைந்து போவது தெரிந்தது. எட்டு மாதம் காத்திருந்த படி. "முருகன் எங்கயும் போயிர மாட்டாருங்க நங்கையா" என்றேன்.

நடக்க விடவில்லை. மோர்க்கார அம்மா தன் பிளாஸ்டிக் நாற்காலியைக் கொடுத்தார். காவடி இறக்கிவிட்டு வந்துகொண்டிருந்த நான்கு பேர் அதில் நங்கையாவை உட்கார வைத்துத் தூக்கிக்கொண்டார்கள்.

"பாத்துத் தூக்குங்க கண்ணுகளா, நான் கனமான சாமி" என்றார் நங்கையா.

அடிவாரத்தில் ஆட்டோக்காரர் பெருந்துறை மருத்துவமனைக்கு 400 ரூபாய் கேட்டார். பேரம் பேசவில்லை. "பதிமூணு கிலோமீட்டருங்க. பள்ளம் பாத்து ஓட்டறேன், அம்மாவுக்குக் கால் குலுங்காது" என்றார். சொன்னபடியே ஓட்டினார்.

ஸ்கேனில் கெண்டைக்கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்து கட்டியிருந்தது. அங்கிருந்த பெண் டாக்டர் முதலில் கேட்டது, "நீவி உட்டீங்களா?" என்று. "இல்லீங்க" என்று சொன்னது என் வீட்டுக்காரர். அவர் கையில் எண்ணெய் இன்னும் காயவில்லை.

நங்கையா மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். இப்போது எங்கள் வீட்டில், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு, எனக்குச் சமையல் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

வீங்கிய காலோடு பயணம் போகிறவர்களுக்கு: நீண்ட பஸ்ஸில் போனால் நடுவில் எழுந்து நில்லுங்கள். தண்ணீர் குடியுங்கள், பஸ்ஸை நிறுத்தச் சொல்ல வெட்கப்படாதீர்கள். கிளம்பும் முன் இரண்டு காலையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். கயிறு, கொலுசு, மெட்டி மேல் பழியைப் போட்டுவிட்டு நாங்கள் ஏறியதுபோல ஏறாதீர்கள். வீட்டில் வயதானவர்கள் சேலைக்குள் காலை மறைப்பார்கள். கேட்டால் சொல்லமாட்டார்கள், நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

வரும் செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறேன். "பாதி ஏறியாச்சல்ல, மிச்சத்தை மட்டும் ஏறு. மோர்க்கடை வரைக்கும் நாற்காலியில போயிரு" என்று நங்கையா கேலி செய்கிறார். கீழிருந்துதான் ஏறுவேன். நங்கையா முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்த அந்தக் கறுப்புக் கயிறும் என்னிடம்தான் இருக்கிறது. அதை முருகன் பாதத்தில் வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் மோர் மண்டபத்துக்கு மேலே எனக்கு ஒன்றும் தெரியாது. அங்கே படுத்துக் காலைத் தூக்கி வைக்க நிழல் இருக்கிறதா, தண்ணீர் கிடைக்குமா, பெண்களுக்குக் கழிப்பறை உண்டா? ஏறியவர்கள் இந்த வெள்ளிக்கிழமைக்குள் கீழே பதில் எழுதுங்கள்.